கண்ணாடிப் பேழைக்கு இந்தப் பக்கம்: வாசகர் கேள்வி-பதில்

தேசிய அருங்காட்சியகங்களுக்குப் போகத் திட்டமிடுபவர்களும், போய்ப் பார்த்துவிட்டுக் குழப்பத்தோடு திரும்பியவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில. பதில் சொல்பவர்கள் தொல்லியலிலும் அருங்காட்சியகப் பணியிலும் பழகியவர்கள்.

கேள்வி: ஒரு முழு நாள் ஒதுக்கினால் பெரிய அருங்காட்சியகம் ஒன்றை முழுதாகப் பார்த்துவிட முடியுமா?

முடியாது. முயற்சி செய்யவும் வேண்டாம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பில் ஏறத்தாழ 80 லட்சம் பொருட்கள் உள்ளன. பார்வைக்கு இருப்பவை சுமார் 80,000. அந்த ஒரு விழுக்காட்டையே ஒருவர் ஒரு நாளில் பார்க்க முடியாது.

இரண்டு மணி நேரத்துக்குமேல் கண் பார்க்கும், மனதில் எதுவும் தங்காது. இதை 1916-லேயே பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பவர் ‘அருங்காட்சியகச் சோர்வு’ என்ற பெயரில் எழுதினார். தாழ்வான பேழைகளைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து, வளைந்து, எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களாகவே எடுத்துக் காட்டினார். களைப்புக்குக் காரணம் நடையைவிட இந்தக் குனிதலும் நின்று நின்று பார்ப்பதும்தான். பேழை தாழ்வாக இருந்தால் இடுப்பை வளைக்காமல் குத்துக்காலிட்டுப் பாருங்கள். நடுவில் போட்டிருக்கும் பெஞ்சில் உட்காரத் தயங்காதீர்கள்.

நுழைவாயிலில் தளவரைபடத்தை வாங்கி ஒரே ஒரு நாகரிகத்தையோ ஒரே ஒரு பொருள்வகையையோ (முத்திரைகள், வெண்கலங்கள், பானைகள் என்று) முடிவு செய்துகொள்ளுங்கள். கூட்டம் எப்போதும் முதல் அறையிலும் புகழ்பெற்ற பொருளைச் சுற்றியும்தான் நிற்கும். திறந்தவுடன் நேராகக் கடைக்கோடி அறைக்குப் போய் அங்கிருந்து பின்னோக்கி வந்தால் முதல் ஒரு மணி நேரம் அமைதியாகக் கிடைக்கும். இருபது பொருட்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம். அது ஒரு மணி நேரம். நல்ல பார்வைக்கு அதுவே தாராளம்.

கேள்வி: ஒரே ஒரு பொருளைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். பேழையில் ஒரு சிறு அட்டை மட்டும் இருந்தது. இதை முன்கூட்டியே அறிய வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு. பொருள் இடத்தில் இல்லாமல் போவதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம்: வேறொரு கண்காட்சிக்கு இரவல் போயிருக்கும், பதப்படுத்தும் கூடத்தில் இருக்கும், அறையே மூடப்பட்டிருக்கும், அல்லது வேறு கட்டடத்துக்கே மாறியிருக்கும். பெரிய அருங்காட்சியகங்கள் தம் இணையத் தொகுப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘காட்சியில் உள்ளது’ என்ற குறிப்பையும் அறை எண்ணையும் தருகின்றன. புறப்படும் வாரத்தில் அதைப் பாருங்கள். அது இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்கலாம். கேட்கும்போது பொருளின் பதிவு எண்ணையும் குறிப்பிட்டால் பதில் விரைவாக வரும்.

பழைய வழிகாட்டி நூல்களை நம்பிப் போவதும் ஆபத்து. கெய்ரோவில் தகிர் சதுக்க அருங்காட்சியகத்தில் இருந்த அரச மம்மிகள் 22-ம் (18 அரசர்கள், 4 அரசிகள்) 2021 ஏப்ரல் 3 அன்று ஊர்வலமாக எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. துட்டன்காமுனின் கல்லறைப் பொருட்கள் 2025 நவம்பரில் முறையாகத் திறக்கப்பட்ட கீசாவின் பேரருங்காட்சியகத்துக்கு மாறிவிட்டன. ஒரே நகரம்தான், ஆனால் மூன்று கட்டடம். தவறான ஒன்றின் வாசலில் போய் இறங்கினால் அரை நாள் போயிற்று.

வார விடுமுறையையும் சரிபாருங்கள். பல இடங்களில் திங்கள், பாரிஸ் லூவரில் செவ்வாய்.

கேள்வி: விவர அட்டையில் ஐந்தாறு வரி இருக்கிறது. எதை முதலில் படிக்க வேண்டும்?

கிடைத்த இடம். எல்லோரும் முதலில் படிப்பது பெயரை. அட்டையிலேயே உறுதி குறைந்த வரி பெரும்பாலும் அதுதான்.

ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ‘அகமெம்னானின் முகமூடி’ என்ற தங்க முகமூடி இருக்கிறது. 1876-இல் மைசீனியில் ஹைன்ரிக் ஷ்லீமன் தோண்டி எடுத்தது. அது கி.மு. 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அகமெம்னான் படை நடத்திப் போனதாகக் கிரேக்கக் காவியம் சொல்லும் டிராய்ப் போர் நடந்திருந்தால் நடந்திருக்கக்கூடிய காலத்துக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முந்தையது. ஆக, பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர அகமெம்னானுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கராச்சி தேசிய அருங்காட்சியகத்திலுள்ள மொகஞ்சதாரோவின் ‘பூசாரி அரசன்’ சிலையும் இப்படித்தான். அவர் பூசாரி என்பதற்கும் சான்றில்லை, அரசன் என்பதற்கும் சான்றில்லை. பெயர் மேற்கோள் குறிக்குள் இருந்தால் அது பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த இடம் அப்படியல்ல. எந்த ஊர், எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு, பக்கத்தில் வேறு என்ன கிடந்தது என்பதெல்லாம் தெரிந்தால்தான் காலத்தையும் பயனையும் சொல்ல முடியும். ஈராக்கில் ‘ஊர்’ (Ur) என்ற பெயருள்ள பண்டைய நகரத்தின் அரச கல்லறைகளில் சிந்துவெளிக் கைவேலையான சூதுபவள மணிகள் கிடைத்தன. அவை அந்தக் கல்லறையில் கிடந்தன என்ற ஒரே செய்திதான் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டின் கடல் வணிகத்துக்குச் சாட்சி. அதே மணி ஒரு வணிகரின் அலமாரியிலிருந்து வந்திருந்தால் வெறும் அழகான மணி.

‘இன்ன இடத்தில் கிடைத்ததாகச் சொல்லப்படுகிறது’ என்று எழுதியிருந்தால் அது முறையான அகழாய்வில் எடுக்கப்பட்டதல்ல, விற்றவர் சொன்னதை அருங்காட்சியகம் எழுதிவைத்திருக்கிறது என்று பொருள். அடியில் இருக்கும் பதிவு எண்ணையும் கவனியுங்கள். பல இடங்களில் அது 1925.12.3 என்பது போல இருக்கும்: 1925-ஆம் ஆண்டில் வந்த 12-ஆவது தொகுதியின் 3-ஆவது பொருள். பண்பாட்டுப் பொருட்களின் சட்டவிரோத வணிகத்துக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் வந்தது. அதற்குப் பிறகு விலைக்கு வாங்கப்பட்டு, கிடைத்த இடமும் தெரியாத ஒரு பொருளைப் பார்த்தால் ‘இது எப்படி இங்கே வந்தது?’ என்று கேட்பதில் தவறேயில்லை.

கேள்வி: மொகஞ்சதாரோ ‘நடனப் பெண்’ சிலையைத் தேடித் தேடி அலுத்துவிட்டோம். இருமுறை அதைக் கடந்தே போயிருக்கிறோம்!

நீங்கள் மட்டுமல்ல, பலரும் கடந்து போகிறார்கள். தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த வெண்கலம் 10.5 செ.மீ. உயரம்தான். புத்தகத்தில் முழுப் பக்கத்துக்கு அச்சிட்ட படம் மனதில் ஓராள் உயரச் சிலையாகப் பதிந்துவிடுகிறது. போகுமுன் அளவைப் பார்த்துக் கைவிரலால் காற்றில் அளந்துகொண்டு போங்கள்.

எதிர்ப்பக்க ஏமாற்றமும் உண்டு. மெக்சிகோ தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தின் சூரியக் கல் ஏறத்தாழ 3.6 மீட்டர் குறுக்களவும் 24 டன் எடையும் கொண்டது. அருகே போனால் ஒன்றும் விளங்காது. பத்தடி பின்வாங்கித்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஒரு அட்டையில் ‘3200 ± 40 பி.பி.’ என்று இருந்தது. இதைக் கி.மு.வாக மாற்றுவது எப்படி? ஒரே பொருளுக்குச் சில இடங்களில் எழுநூறு ஆண்டு இடைவெளி கொடுக்கிறார்களே, அதுவும் ஏன்?

‘பி.பி.’ என்பது ‘இன்றைக்கு முன்’. இந்த ‘இன்று’ என்றைக்கும் நகராது. அது 1950-ஆம் ஆண்டு என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனவே 3200-இலிருந்து 1950-ஐக் கழித்துக் கி.மு. 1250 என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் சறுக்கல்.

கார்பன்-14 முறை, உயிர் பிரிந்த பிறகு ஒரு பொருளில் மிஞ்சியிருக்கும் கார்பன்-14 அளவைக் கணக்கிடுகிறது. அதன் அரைவாழ்வு சுமார் 5,730 ஆண்டு. ஆனால் காற்றுமண்டலத்தில் இந்தக் கார்பனின் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. அதனால் ஆய்வகம் தரும் எண்ணை மர வளையங்கள் முதலியவற்றைக் கொண்டு உருவாக்கிய வரைகோட்டோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அப்படித் திருத்தினால் 3200 என்பது கி.மு. 15-ஆம் நூற்றாண்டுக்குப் போய்விடும். நேர்க்கழித்தலுக்கும் இதற்கும் ஏறக்குறைய இருநூறு ஆண்டு வேறுபாடு. அட்டையில் ‘திருத்தியது’ என்ற குறிப்போ ‘கேல்’ (cal) என்ற முன்னொட்டோ இருந்தால் அந்த வேலை முடிந்துவிட்டது, அப்படியே படிக்கலாம். ± 40 என்பது அளவீட்டின் பிழை எல்லை: உண்மையான மதிப்பு அந்த எல்லைக்குள் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. எல்லையை இருமடங்காக்கி ± 80 என்று எடுத்தால் வாய்ப்பு 95 விழுக்காடு ஆகும்.

இன்னொன்று. கல்லையும் உலோகத்தையும் கார்பனால் நேராக அளக்க முடியாது. அவற்றோடு அதே அடுக்கில் கிடந்த கரியையோ தானியத்தையோ எலும்பையோதான் அளக்கிறார்கள். கரி பழைய மரத்தின் நடுப்பகுதியிலிருந்து வந்திருந்தால் தேதி உண்மையைவிட நூறு இருநூறு ஆண்டு பழையதாகக் காட்டும். அதனால்தான் நெல், கொட்டை போன்ற ஓராண்டுப் பொருள் கிடைத்தால் தொல்லியலார் மகிழ்ச்சியடைகிறார்கள். ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஆண்டுக்கு அப்பால் இந்த முறை எட்டாது.

எழுநூறு ஆண்டு இடைவெளி பற்றி: ‘கி.மு. 2600–1900’ என்று சிந்துவெளிப் பேழையில் பார்த்திருப்பீர்கள். அது அந்த நாகரிகத்தின் முதிர்ந்த கட்டம் முழுவதற்குமான காலம். பழைய அகழாய்வுகளில் பொருளின் அடுக்கு நுட்பமாகப் பதிவாகவில்லை என்றால் அந்தப் பெரிய வரம்பைத்தான் எழுத முடியும். ஒற்றை ஆண்டை அடித்துச் சொல்லும் அட்டையைவிட இது நேர்மையானது.

கேள்வி: தங்கமும் சிலையும் சரி. ஓட்டுச் சில்லுகளை அறை அறையாக அடுக்கி வைத்திருக்கிறார்களே, அதில் என்ன பார்ப்பது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தோம். பானை உடையும், ஆனால் மக்காது. உருக்கி வேறொன்று செய்யவும் முடியாது. வடிவமும் பூச்சும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். எகிப்தில் எழுத்துக்கு முற்பட்ட கல்லறைகள் நூற்றுக்கணக்கானவற்றைப் பானை வடிவங்களின் மாற்றத்தை மட்டும் வைத்தே பிரிட்டிஷ் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி கால வரிசையில் அடுக்கினார். தேதியிடும் கருவி எதுவும் இல்லாத 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த வேலை அது.

பார்க்கும் முறை இது. முதலில் உட்புறம். மெல்லிய கோடுகள் இணையாகச் சுற்றிச் சுற்றிப் போனால் சக்கரத்தில் வனைந்தது. விரல் பதிவுகளும் ஏற்றத்தாழ்வான சுவர்த் தடிமனும் இருந்தால் கையால் செய்தது. அடிப்புறத்தைக் கண்ணாடி வைத்துக் காட்டியிருந்தால் சங்கின் வரிபோல் ஒரு பக்கம் குவிந்த கோடுகளைத் தேடுங்கள். சுழலும் சக்கரத்திலிருந்து நூலால் அறுத்தெடுத்த தடம் அது.

அடுத்து உடைந்த விளிம்பு. ஓட்டின் குறுக்குவெட்டு நடுவில் சாம்பலோ கறுப்போ ஆக, இருபுறமும் சிவப்பாக இருக்கிறதா? சூளையில் சூடு போதவில்லை அல்லது நேரம் போதவில்லை, களிமண்ணிலிருந்த தாவரக் கரி முழுதும் எரியவில்லை. சிறு சிறு நீள்குழிகள் தெரிந்தால் களிமண்ணில் கலந்த உமியோ வைக்கோலோ எரிந்துபோன இடம். அந்தக் குழிகளின் வடிவத்திலிருந்தே எந்தப் பயிர் விளைந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

கறுப்பு-சிவப்பு மட்கலம் என்று ஒரு வகை. உள்ளும் வாயும் கறுப்பு, வெளியே சிவப்பு. இரண்டு வண்ணப் பூச்சு என்று நினைப்பவர் அதிகம். பானையைக் கவிழ்த்து, வாயையும் உள்ளையும் காற்றுப் புகாமல் மூடிச் சுட்டால் காற்றுப் படாத பகுதி கறுக்கும், காற்றுப் பட்ட பகுதியில் களிமண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். கிரேக்கக் குயவர்கள் இதையே வேறு விதமாகக் கையாண்டார்கள். ஒரே சூளையில் மூன்று கட்டம்: முதலில் காற்றோட்டம், பானை முழுதும் சிவக்கும். பிறகு காற்றை அடைத்து ஈர விறகு போட்டால் முழுதும் கறுக்கும். மறுபடி காற்றை விட்டால் வெறும் களிமண் மட்டும் சிவப்புக்குத் திரும்பும். நுண்களிமண் கரைசல் பூசிய இடம் அதற்குள் கண்ணாடிபோல் இறுகிவிட்டதால் கறுப்பாகவே நிற்கும். மூன்றாம் கட்டத்தில் நேரம் தவறினால் கறுப்பு சிவப்பாகத் திட்டுத்திட்டாகக் கெட்டுவிடும். அப்படிக் கெட்ட பானைகளும் காட்சியில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

ஓட்டில் எழுத்தோ குறியோ கீறியிருந்தால் கீறலின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். ஓரம் மழுங்கி, மண் ஒதுங்கி மேடிட்டிருந்தால் ஈரமாக இருந்தபோது, அதாவது குயவர் கையில் இருந்தபோது கீறியது. ஓரம் சொரசொரப்பாகச் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தால் சுட்ட பிறகு, வாங்கியவர் கீறியது. முன்னது செய்தவரின் அடையாளமாகவும் பின்னது உடைமையாளரின் பெயராகவும் இருக்க வாய்ப்பு அதிகம்.

முழுப் பானைகளில் கைப்பிடியை எண்ணுங்கள். கிரேக்க நீர்க்குடத்துக்கு மூன்று பிடி: தூக்க இரண்டு பக்கத்தில், ஊற்ற ஒன்று பின்னால். வாய் அகன்ற பெரும் பாத்திரம் மதுவில் நீர் கலக்க. அடிப்புறம் கரி படிந்திருந்தால் அடுப்பில் ஏறியது.

பக்கத்தில் பாதி வெட்டுமுகமாகவும் பாதி வெளித்தோற்றமாகவும் கோட்டுப்படம் வைத்திருந்தால் அதையும் விடாதீர்கள். ஒரு வாய்ச்சில்லின் வளைவை மையமொத்த வட்டங்கள் வரைந்த தாளில் பொருத்தி, முழுப் பானையின் வாய் அகலத்தைக் கணித்து வரைந்தது அது.

கேள்வி: முத்திரைகளும் களிமண் பலகைகளும் மிகச் சிறியவை. ஒன்றும் தெரியவில்லை. எழுத்துத் தெரியாதவர் பார்த்து என்ன பயன்?

ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் குவியும் சிறு ஒற்றைக்கண் தொலைநோக்கி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மடங்கு போதும். உருப்பெருக்கிக் கண்ணாடி பேழைக்கு வெளியே உதவாது, அதற்குப் பொருள் சில அங்குலத்தில் இருக்க வேண்டும்.

சிந்துவெளி முத்திரைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று செ.மீ. சதுரம், மாவுக்கல்லில் வெட்டிச் சுட்டவை. முத்திரையில் எல்லாம் இடவலம் மாறி வெட்டப்பட்டிருக்கும், பதிவில்தான் நேராக வரும். அதனால் பக்கத்தில் வைத்திருக்கும் பதிவையே படிக்க வேண்டும். பொதுவாக வலமிருந்து இடம். எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. சராசரியாக ஒரு முத்திரையில் ஐந்து குறிகள்தாம் என்பதும், நமக்குத் தெரிந்த வேறொரு மொழியோடு சேர்ந்து எழுதிய கல்வெட்டு கிடைக்காததும் பெரிய தடைகள். ‘படித்துவிட்டேன்’ என்பவர் ஆண்டுக்கு ஒருவர் வருகிறார். எகிப்துக்கு 1799-இல் ரொசெட்டாக் கல் கிடைத்தது. அதில் ஒரே ஆணை மூன்று எழுத்துகளில் இருந்ததால்தான் 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் அதைப் படிக்க வழி கண்டார்.

மெசபடோமிய (இன்றைய ஈராக் பகுதி) முத்திரைகள் உருளை. நடுவே துளை. ஈரக் களிமண்ணில் உருட்டினால் காட்சி தொடர்பட்டையாக விரியும். கருநீல உருளை கண்ணில் பட்டால் அது வைடூரியமல்ல, லாபிஸ் லசூலி. ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலிருந்து அந்தக் காலத்திலேயே அவ்வளவு தூரம் வந்தது.

அங்கே ஈரக் களிமண்ணில் அழுத்தி எழுதிய ஆப்பு எழுத்துப் பலகையை நேரே நின்று பார்த்தால் வெறும் கீறல். தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒளி சரிவாக விழும் கோணத்தைப் பிடியுங்கள். ஒவ்வொரு ஆப்பும் நிழலோடு எழும்பி நிற்கும்.

எகிப்திய சித்திர எழுத்தில் பறவை, மிருகம், மனிதர் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். நீள்வட்டக் கோட்டுக்குள் அடைத்திருப்பது அரசரின் பெயர். இந்த இரண்டும் தெரிந்தாலே ஒரு சுவரின் முன் பத்து நிமிடம் நிற்கலாம்.

கேள்வி: படம் எடுக்கலாம், பிளாஷ் கூடாது என்கிறார்கள். அறையோ இருட்டு. என்ன செய்வது?

இருட்டுக்குக் காரணம் உண்டு. துணி, காகிதம், பாப்பிரஸ், சாயமிட்ட மரம் ஆகியவற்றின் மேல் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒளியளவின் அலகு) மேல் ஒளி விழக் கூடாது என்பது உலகெங்கும் பின்பற்றும் வரம்பு. எலும்பு, தந்தம் போன்றவற்றுக்கு 200 லக்ஸ் வரை. கல், சுடுமண், உலோகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒளியால் வரும் சேதம் சிறுகச் சிறுகச் சேர்வது, திரும்பாதது. பிளாஷ் ஒன்றால் கற்சிலைக்கு எதுவும் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் பேழைக்குப் பேழை வேறு விதி வைத்தால் காவலர் பாடு திண்டாட்டம். தவிர, கண்ணாடியில் பட்டுத் திரும்பும் பிளாஷ் உங்கள் படத்தைத்தான் முதலில் கெடுக்கும்.

வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தால் கண் பழக ஐந்து பத்து நிமிடமாகும். துணிகள் இருக்கும் அறையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அடர்நிற உடை அணிந்தால் கண்ணாடியில் உங்கள் உருவம் குறைவாகத் தெரியும். லென்ஸைக் கண்ணாடியில் இடிக்காமல் ஒட்டினாற்போல் பிடித்தால் பிரதிபலிப்பு மறையும். முதலில் அட்டையைப் படமெடுத்துப் பிறகு பொருளை எடுங்கள், எப்போதும் இதே வரிசையில். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்தபின் எந்த அட்டை எந்தப் பானைக்கு என்று தெரியாது.

கேள்வி: பெரிய தோள்பையையும் பேனாவையும் ஏன் வெளியே வைக்கச் சொல்கிறார்கள்?

முதுகில் தொங்கும் பை நீங்கள் திரும்பும்போது உங்களுக்குத் தெரியாமல் அரைவட்டம் அடிக்கும். மை கல்லின் நுண்துளைக்குள் போனால் எடுக்க முடியாது. பென்சில் கொண்டுபோங்கள்.

கேள்வி: காட்சியில் இருப்பது அசலா பிரதியா என்று எப்படி அறிவது? பிரதியென்றால் ஏமாற்றமாக இருக்கிறது.

அட்டையிலேயே ‘பிரதி’, ‘அச்சுவார்ப்பு’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டக்கல் பல நாட்டு அருங்காட்சியகங்களில் நிற்கிறது. அசல் 1901-இல் ஈரானின் சூசாவில் கிடைத்த 2.25 மீட்டர் உயரக் கருங்கல், அது லூவரில் மட்டும். அச்சுவார்ப்பில் விளிம்போரம் மெல்லிய இணைப்புக் கோடு, சிறு காற்றுக்குமிழ்கள், எங்கும் ஒரே சீரான நிறம் ஆகியவற்றைக் காணலாம். தட்டிப் பார்க்காதீர்கள்.

பிரதியை ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஏதென்ஸின் பார்த்தெனான் கோயில் சிற்பங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த சுண்ணச்சாந்து அச்சுகளில் இருக்கும் நுணுக்கம் சில, பின்னாளில் காற்றும் மாசும் அரித்த அசலில் இல்லை. அங்கே ஆய்வாளருக்கே அச்சுதான் சாட்சி.

கேள்வி: வெண்கலச் சிலையில் இளம்பச்சைப் பொடி பூத்திருந்தது. பராமரிப்பு சரியில்லையா? ஒரே கல்லறையின் பொருட்களை வேறு வேறு பேழையில் பிரித்து வைத்திருப்பதும் உறுத்தியது.

இரண்டுக்கும் விடை ஈரப்பதம். வெண்கலத்தின் மேல் வழவழப்பாகப் படிந்த கரும்பச்சைக் களிம்பு நல்லது, அது உலோகத்தைக் காக்கும். வெளிறிய பச்சையாகப் பொடிப்பொடியாக உதிர்வதுதான் நோய். மண்ணிலோ கடலிலோ கிடந்தபோது உள்ளே புகுந்த குளோரைடு, ஈரமும் காற்றும் பட்டதும் அமிலமாக மாறிப் புதிய உலோகத்தைத் தின்னும். அதிலிருந்து மறுபடி குளோரைடு. இப்படிச் சங்கிலியாக ஓடும். காற்றின் ஈரப்பதத்தை 40 விழுக்காட்டை ஒட்டியோ அதற்குக் கீழோ வைத்தால் இது அடங்கியிருக்கும். பேழையின் அடித்தட்டில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைப்பது அதற்காக. மூலையில் சிறு எண்காட்டி தெரிந்தால் அது ஈரமானி.

அகழ்ந்தெடுத்த இரும்புக்கு இன்னும் உலர்ந்த காற்று வேண்டும். மரத்துக்கும் தந்தத்துக்கும் அந்த உலர்வு வந்தால் வெடிக்கும். அவற்றுக்கு 50 விழுக்காட்டை ஒட்டி வேண்டும். ஒரே கல்லறையின் வாளையும் அதன் மரப்பேழையையும் ஒரே கண்ணாடிக்குள் வைத்தால் இரண்டில் ஒன்று கெடும்.

பொடி பூத்ததைக் கண்டால் காவலரிடம் சொல்லுங்கள். காப்பாளர்கள் அதற்கு நன்றிதான் சொல்வார்கள்.

கேள்வி: ஒட்டிய பானையில் நிரப்பிய பகுதி வேறு நிறமாகத் தெரிகிறது. ஒரே நிறமாகச் செய்யக் கூடாதா?

வேண்டுமென்றேதான் அப்படி. ஆறடி தூரத்தில் கண்ணை உறுத்தக் கூடாது, ஆறு அங்குலத்தில் அசல் எது நிரப்பு எது என்று தெரிந்துவிட வேண்டும் என்பது பாதுகாப்பாளர்களின் பழைய அளவுகோல். ஒட்டும் பசையும் பிறகு கரைத்து எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். துட்டன்காமுனின் தங்க முகமூடியின் தாடி 2014-இல் கழன்றபோது எபாக்ஸியால் ஒட்டிவிட்டார்கள். அது எளிதில் கரையாதது. 2015-இல் அதைச் சூடாக்கிப் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, தேன்மெழுகால் மறுபடி பொருத்தினார்கள்.

கேள்வி: சிலைகளுக்கெல்லாம் ஏன் மூக்கில்லை?

துருத்தி நிற்பது முதலில் உடையும். விழும்போதும் மூக்கு, உருளும்போதும் மூக்கு. எகிப்தில் வேண்டுமென்றே உடைத்ததும் உண்டு. மூக்கை உடைத்தால் உருவத்துக்குள் குடியிருக்கும் உயிர் மூச்சுவிட முடியாது என்ற நம்பிக்கை. பக்கத்துக் கன்னம் சேதமில்லாமல் மூக்கு மட்டும் உளித்தடத்தோடு போயிருந்தால் அது விபத்தல்ல.

கேள்வி: எட்டு வயதுக் குழந்தையோடு போகிறோம். எப்படி?

முக்கால் மணி நேரம் போதும், அது முடியும்போதே வெளியே வந்துவிடுங்கள். ‘சக்கரம் உள்ள பொருள் ஐந்து’, ‘கொம்புள்ள மிருகம் பத்து’ என்று தேடச் சொன்னால் உங்களைவிட அதிகம் பார்ப்பார்கள். மம்மி அறை இருந்தால் உள்ளே ஒரு மனித உடல் இருக்கிறது என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தை வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

கேள்வி: நிலத்தில் பழைய செப்புக்காசு ஒன்று கிடைத்தது. அருங்காட்சியகத்தில் காட்டினால் விலை சொல்வார்களா?

என்ன காசு, எந்தக் காலம் என்பதைச் சொல்வார்கள். விலை சொல்வது அவர்கள் வேலையல்ல, பெரும்பாலான அருங்காட்சியகங்களின் நெறிமுறை அதைத் தடுக்கிறது. கண்டெடுத்ததை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய சட்டம் பல நாடுகளில் இருக்கிறது. நாட்டுக்கு நாடு கெடுவும் உரிமையும் மாறும் என்பதால் முதலில் அதைக் கேட்டு அறியுங்கள். இடத்தை மேலும் தோண்டாதீர்கள்.

காசைத் தேய்க்கவே வேண்டாம். எலுமிச்சை, பற்பசை, கம்பி நார் எது பட்டாலும் எழுத்து களிம்போடு சேர்ந்து போய்விடும், ஏனென்றால் பல காசுகளில் எழுத்து இருப்பதே அந்தக் களிம்புப் படலத்தில்தான். கிடைத்த புள்ளியைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்து, எவ்வளவு ஆழம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் இருபுறமும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். எடையைக் கிராமில் இரண்டு தசமத்துக்கும், குறுக்களவை மில்லிமீட்டரிலும் குறித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. அமிலமில்லாத காகித உறையில் வையுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை சில ஆண்டுகளில் பிசுபிசுப்பாகக் கசிந்து செம்பைப் பச்சையாக்கும்.